வணிகவியல் மாணவரும் டிஜிட்டல் பொருளாக்கமும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு முற்பகல், சாந்திபுரத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் நம் கிளைக்கு வந்தனர். இருவரும் வணிகவியல் பட்டம் முடித்துச் சில மாதங்களே ஆனவர்கள். அவர்களுள் ஒருவருடைய தந்தையும் உடன் வந்திருந்தார். பல்லாண்டுகளாக நம்மிடம் பயிர்க்கடன் பெற்றுத் தவணை தவறாமல் செலுத்திவரும் விவசாயி. இளைஞர்களின் கையில் வண்ண அட்டையிட்ட திட்ட அறிக்கை இருந்தது. தந்தையின் மஞ்சள் பையில் இரண்டு ஏக்கர் நிலத்தின் பட்டா இருந்தது.

பால் ஊற்றும் குடும்பங்களுக்கு ஒரு செயலி செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அன்றைய பாலின் அளவு, கொழுப்புச் சத்து, விலை, வரவேண்டிய தொகை ஆகிய அனைத்தும் செல்பேசியில் தெரியும். வெளியூர் நிறுவனம் ஒன்று ஆறு லட்ச ரூபாய்க்கு அதனைச் செய்து தருவதாக விலைப்புள்ளி கொடுத்திருந்தது. அறிக்கையில் ஐந்தாண்டுக்கான இலாப நட்டக் கணக்கு இருந்தது. தேய்மானம்கூடப் பிழையின்றிக் கழிக்கப்பட்டிருந்தது. நாம் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டோம்: “தம்பி, விடியற்காலையில் பால் குடத்தோடு வரிசையில் நிற்கும் அம்மாவிடம் செல்பேசி இருக்கிறதா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தந்தைதான் சிரித்தார். “எங்க வீட்டம்மாகிட்டயே இல்லீங்க சார்” என்றார்.

முத்ரா திட்டத்தில் இத்தகைய கடனுக்குப் பிணையம் தேவையில்லை என்று விளக்கிப் பட்டாவைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம். ஆயினும் பிணையம் இல்லாத கடன் தவறினாலும் சுமை இறங்கும் இடம் அந்த வீடுதான் என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விண்ணப்பத்தை மறுக்கவில்லை. ஆறு வாரம் கழித்து வருமாறும், அதற்குள் சில வேலைகளைச் செய்துவருமாறும் கூறி அனுப்பினோம். அந்த வேலைகள் எவை, அவற்றை ஏன் கூறினோம் என்பதே இக்கட்டுரை. கல்லூரியில் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கும் வாடிக்கையாளர் பலருக்கு இது பயன்படக்கூடும்.

நாமும் வணிகவியல் பட்டதாரியே. நம் காலத்தில் பேரேடும், அடக்கவிலைக் கணக்கும், தணிக்கையும் கற்றோம். ஒருவர் உருவாக்கிய பொருளின் கணக்கை எழுதக் கற்றோமே தவிர, பொருளை உருவாக்குவது பொறியாளரின் வேலை என்றே எண்ணியிருந்தோம். இன்று வணிக மேலாண்மை படிக்கும் மாணவர் செயலி, இணையச் சேவை, கட்டண முறை ஆகியவற்றைத் தாமே வடிவமைக்க வேண்டும் என்று பாடத்திட்டங்கள் எதிர்பார்க்கின்றன. நல்லதே. ஆனால் பல வகுப்புகளில் அது நிரல் எழுதும் பயிற்சியாகவோ, அழகிய திரைகளை வரையும் பயிற்சியாகவோ சுருங்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு.

அதற்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. சாந்திபுரத்திலேயே சான்று இருக்கிறது. 2002 பிப்ரவரியில் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனமும் ஆந்திர அரசும் இணைந்து, குப்பத்தையும் சாந்திபுரம் உள்ளிட்ட சுற்று மண்டலங்களையும் களமாகக் கொண்டு ‘ஐ-கம்யூனிட்டி’ என்னும் மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கின. ஊர்களில் தகவல் மையங்கள் அமைந்தன. நாற்பது வயதைக் கடந்த இவ்வட்டார வாசகர் பலருக்கு அது நினைவிருக்கும். திட்டத்தில் பேசப்பட்டவை பல. நம் பாடத்துக்கு வேண்டியது அவற்றுள் சிறியதொன்று: கிராமப் புகைப்படக்காரர்கள்.

அரசுச் சான்றுகளுக்கும் அடையாள அட்டைகளுக்கும் புகைப்படம் வேண்டும். கிராமத்தவர் அதற்காகப் பேருந்தேறி நகரத்துக்குப் போகவேண்டும். ஒருநாள் கூலி போய்விடும். இந்தச் சிறு தொல்லையைக் கண்டவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் கையில் எடுத்துச்செல்லக்கூடிய அச்சுப்பொறியும் கொடுத்துப் பயிற்சியளித்தனர். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களாதலால் சூரிய ஒளியில் மின்னேற்றும் அமைப்பும் சேர்க்கப்பட்டது. படம் எடுத்த இடத்திலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம். அந்நிறுவனத்தைச் சேர்ந்த டெப்ரா டன்னும், கீத் யமாஷிதாவும் 2003 ஆகஸ்டு மாத ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் குப்பத்து அனுபவத்தை எழுதினர். வணிக மேலாண்மை மாணவர் உலகெங்கும் படிக்கும் இதழில் நம் ஊர் ஒரு பாடமாயிற்று. நம் ஊர்க் கல்லூரிகளில் அது எத்தனை வகுப்புகளில் பேசப்படுகிறது என்று கேட்டால் விடை சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

இச்சான்றில் மாணவர் பார்க்கவேண்டியது கேமராவின் தொழில்நுட்பத்தை அன்று. அந்தப் பெண் ஒரு படத்துக்கு எவ்வளவு வாங்கலாம், அதில் தாளுக்கும் மைக்கும் எவ்வளவு போகும், மாதத்தில் எத்தனை படம் எடுத்தால் கருவிக்கான தவணை கட்டலாம், திருவிழா இல்லாத மாதத்தில் என்ன செய்வது என்பவற்றைத்தான் பார்க்கவேண்டும். மின்வெட்டைக் கணக்கில் கொள்ளாத அச்சுப்பொறி அங்கே வெறும் பெட்டி. தாளின் விலையைக் கணக்கில் கொள்ளாத தொழிலும் அப்படியே. திட்டக்காலம் முடிந்தபின் நிறுவனம் விலகிக்கொண்டது. பின்னர் ஒவ்வொரு செல்பேசியிலும் கேமரா வந்துவிட்டது. தீர்க்கப்பட்ட தேவை உண்மையானதாக இருந்தும், அதைத் தீர்க்கும் வழி சில ஆண்டுகளில் பழையதாகிவிட்டது. டிஜிட்டல் பொருளுக்குக் கடன் கேட்போர், கருவியின் ஆயுளும் கடனின் ஆயுளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குத் தெரியாது.

வடிவமைப்பு என்பது கேள்வி கேட்பது என்னும் கருத்தும் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அளித்த அறிக்கை, நம் வீட்டுச் சொம்பைப் பெரிதும் வியந்து பேசுகிறது. எவ்வளவு நீர் பிடிக்கவேண்டும், இடுப்பில் வைப்பதா தலையில் வைப்பதா, பிடிக்கும் கை எவ்வளவு பெரியது, ஊற்றும்போது எப்படிச் சாயும், என்ன விலை ஆகும் என்று சொம்பைப் பற்றி எழக்கூடிய கேள்விகளை அது அடுக்குகிறது. 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியதற்கு அவ்வறிக்கை வித்திட்டது. ஒரு சொம்புக்கு இத்தனை கேள்வி எழுமானால், நம் பணம் புழங்கும் செயலிக்கு எத்தனை எழவேண்டும்?

இனி அந்த இளைஞர்களுக்குக் கூறிய வேலைகளுக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் கணினியைத் தொடக்கூடாது. மூன்று பால் சேகரிப்பு நிலையங்களுக்குக் காலையும் மாலையும் சென்று நிற்கவேண்டும். யாரிடமும் செயலியைப் பற்றிப் பேசக்கூடாது. கண்டதை நோட்டில் எழுதவேண்டும். ‘உங்களுக்கு இப்படியொரு செயலி வேண்டுமா?’ என்று கேட்டால் நம் மக்கள் முகம் கோணாமல் ‘வேண்டும் தம்பி’ என்றுதான் சொல்வார்கள். அந்த விடையை நம்பிக் கடன் கொடுக்க முடியாது.

அவர்கள் கொண்டுவந்த நோட்டை நாம் ஆவலோடு படித்தோம். பால் ஊற்றுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செல்பேசியும், பணம் வரவாகும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் கணவர் அல்லது மகன் பெயரில். வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல. ஆனால் பிள்ளைகள் படிப்பது தெலுங்கில். ஆகவே தமிழ் எழுத்தில் செய்தி அனுப்பினால் பேசத் தெரிந்தவருக்கு வாசிக்கத் தெரியாது; தெலுங்கில் அனுப்பினால் பிள்ளை வாசித்துச் சொல்லவேண்டும். மூத்த பெண்மணி ஒருவர், “எனக்கு எதுக்குப்பா போன்? இன்னிக்கு சத்து ஏன் கொறஞ்சுதுன்னு சொல்லு, போதும்” என்றாராம். இளைஞர்களின் அறிக்கையில் ‘ஏன்’ என்பதற்கு ஒரு திரையும் இல்லை. அளவைச் சொல்ல இருந்தது. காரணத்தைச் சொல்ல இல்லை.

மூன்றாம் வாரத்தில் காகிதத்தில் முன்மாதிரி செய்யச் சொன்னோம். செல்பேசி அளவில் வெட்டிய அட்டைகளில் திரைகளை வரைந்து, நிலையத்தில் இருப்பவர் முன்வைத்து, ‘பதினைந்து நாள் பணம் எவ்வளவு என்று பாருங்கள்’ என்று மட்டும் சொல்லவேண்டும். அவர் விரல் எங்கே போகிறது என்பதைப் பார்க்கவேண்டும், உதவக்கூடாது. ஒரு அட்டையைக் கிழித்துப்போட ஒரு ரூபாயும் ஆகாது. அதே மாற்றத்தை முடிந்த செயலியில் செய்யக் கேட்டால் நிறுவனம் தனி விலைப்புள்ளி அனுப்பும்.

நான்காம் வாரம் அவர்களுடைய சொந்தக் களம்: கணக்கு. குடும்பத்துக்கு மாதம் 10 ரூபாய் கட்டணம் என்று அறிக்கையில் வைத்திருந்தனர். காலை ஒன்று மாலை ஒன்றாக மாதத்துக்கு 60 செய்திகள். ஒரு செய்திக்கு 20 காசு என்று வைத்துக்கொண்டால் 12 ரூபாய். அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 2 ரூபாய் நட்டம். 300 குடும்பம் சேர்ந்தால் 600 ரூபாய், 3,000 சேர்ந்தால் 6,000. வாடிக்கையாளர் பெருகப் பெருக நட்டமும் பெருகும். அடக்கவிலைக் கணக்கில் ‘பங்களிப்பு’ என்று இரண்டாம் ஆண்டில் படித்ததுதான் இது. தேய்மானத்தைப் பிழையின்றிக் கழித்த பிள்ளைகள் இதைக் காணாமல் விட்டது, பாடம் தேர்வுத்தாளோடு நின்றுவிட்டதால்தான்.

பெண்களிடம் மீண்டும் கேட்டபோது, தினமும் செய்தி வேண்டாம், சத்துக் குறையும் நாளிலும் பணம் போடும் நாளிலும் தெரிந்தால் போதும் என்றனர். மாதம் ஆறு செய்தி என்றால் 1 ரூபாய் 20 காசு. குடும்பத்துக்கு 8 ரூபாய் 80 காசு மிஞ்சும். 300 குடும்பத்துக்கு 2,640 ரூபாய். மகிழ்ச்சிதான். ஆனால் ஆறு லட்சத்தை 2,640ஆல் வகுத்தால் வட்டி இல்லாமலே 227 மாதம், ஏறத்தாழ 19 ஆண்டு. இளைஞர்களில் ஒருவர் நம் மேசையிலிருந்த கால்குலேட்டரை எடுத்து இரண்டாம் முறை வகுத்துப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கணக்கு மட்டும் சரியாக இருந்தாலும் பொருள் நல்லதாகிவிடாது. 2016 ஏப்ரல் 11 அன்று அறிமுகமான யுபிஐ நம் அன்றாட வாழ்வையே மாற்றியது. தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2022 மார்ச்சில் சாதாரணச் செல்பேசிக்கும் அவ்வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் அதிலேயே, ஒருவர் மற்றவரிடம் ‘பணம் அனுப்பு’ என்று கோரிக்கை விடுக்கும் வசதி ஏமாற்றுக்காரருக்குக் கருவியாயிற்று. பணம் வருகிறது என்று நம்பி ரகசிய எண்ணைப் பதிந்தவர்களின் கணக்கிலிருந்து பணம் போயிற்று. நிரலில் பிழையில்லை, திரையைக் கண்ட மனிதர் அதை வேறாகப் புரிந்துகொண்டார். தனிநபர்களுக்கிடையிலான அவ்வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. (பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை இங்கேயும் ஒருமுறை சொல்லிவிடுகிறோம், கிளையில் இதைச் சொல்லாத நாளில்லை.) பயனரை அவசரத்தில், அரைகுறை வெளிச்சத்தில், கண்ணாடி அணியாத நிலையில் கற்பனைசெய்து பார்க்கும் பழக்கம் மாணவருக்கு வரவேண்டும். மற்றவர் விவரங்களைச் சேகரிக்குமுன் அவர்தம் இசைவைப் பெறவேண்டும் என்று கூறும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் வணிகச் சட்ட வகுப்பிலேயே படித்துவிடலாம்.

நிரல் எழுதக் கற்பது தேவையில்லையா என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஓரளவு தேவைதான். விரிதாளில் சூத்திரம் எழுதத் தெரிந்த வணிகவியல் மாணவர் ஏற்கெனவே பாதி நிரலாளர். விரிதாளையும், நிரல் எழுதாமலே படிவம் அமைக்க உதவும் கருவிகளையும் கொண்டு முதல் பொருளைத் தாமே செய்துபார்க்கலாம். அப்படிச் செய்தவர், பின்னர் நிறுவனத்திடம் வேலை கொடுக்கும்போது எதற்கு எவ்வளவு கேட்பது நியாயம் என்று அறிவார். திருப்பதியில் 2015இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அருகே இருக்கும் மாவட்டங்கள் இவை. மேலாண்மை மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பால் நிலையத்துக்குப் பொருள் செய்யும் வகுப்பு சிறு கல்லூரிகளிலும் நடக்கவேண்டும் என்பது நம் விருப்பம்.

ஆறு வாரம் என்றது எட்டு வாரமாயிற்று. ஆவணியில் இருவரும் மறுபடி வந்தனர். வண்ண அட்டை இல்லை. பால் ஊற்றும் குடும்பங்களிடம் கட்டணம் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டிருந்தனர். சத்துக் குறைவு பற்றிய தகராற்றால் காலையில் அரைமணி நேரம் இழக்கும் சேகரிப்பு நிலையமே அதற்குப் பணம் தரும் என்று கண்டிருந்தனர். விரிதாளில் ஒரு கணக்கு. பெரிய எழுத்தில் தெலுங்கில் அச்சாகும் சிறு சீட்டு. சத்துக் குறைந்தால் வீட்டு எண்ணுக்குத் தமிழிலோ தெலுங்கிலோ குரல் செய்தி. தீவனம் பற்றி நிலையத்துக் கால்நடை உதவியாளர் பதிந்து கொடுத்த இரண்டு வரி. பழைய மடிக்கணினி ஒன்றுக்கும் சீட்டு அச்சுப்பொறிகளுக்குமாக 45,000 ரூபாய் கேட்டனர். முத்ராவின் முதற்பிரிவான சிசு கடன் 50,000 ரூபாய் வரை, அதிலேயே வழங்கினோம்.

மூன்று நிலையங்களில் ஒன்று இரண்டே மாதத்தில் விட்டுவிட்டது; அங்கே பொறுப்பாளர் மாறிவிட்டார். மற்ற இரண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. தவணை இதுவரை தவறவில்லை. சென்ற வாரம் பயிர்க்கடனைப் புதுப்பிக்க வந்த தந்தை, தம் மனைவி அந்தச் சீட்டுகளை அரிசி டப்பாவில் போட்டு வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துக் கூட்டிப் பார்க்கிறார் என்று சொன்னார். வங்கிக் கணக்கைத் தம் பெயரில் மாற்றித்தர முடியுமா என்று அவ்வம்மையார் கேட்டுவரச் சொன்னாராம். ஆதாரும் இரண்டு புகைப்படமும் எடுத்துக்கொண்டு அவரையே வரச்சொல்லியிருக்கிறோம்.