அபாயமணி ஓயட்டும்: மன அழுத்தமும் உடலின் எதிர்ப்பு சக்தியும்

 

மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் நபி யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆனின் 12-வது அத்தியாயம் கூறுகிறது. கண்ணில் அடிபட்டது என்றோ நோய் தொற்றியது என்றோ அங்கே சொல்லப்படவில்லை. துயரம்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, மனதின் பாரம் உடலிலும் இறங்கும். இரண்டாவது, அப்படி இறங்குவது ஈமானின் குறைபாடு அல்ல. "ஈமான் சரியாக இருந்தால் மன அழுத்தமே வராது" என்று நம்மில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஒரு நபியின் கண்களே துயரத்தால் வெளுத்தன என்றால், சாதாரண மனிதர்களாகிய நாம் எம்மாத்திரம்?

மூளைக்குள் ஓர் அபாயமணி

சாலையைக் கடக்கிறீர்கள். முதுகுக்குப் பின்னால் திடீரென்று பேருந்தின் ஹாரன் அலறுகிறது. என்ன சத்தம் என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் கால் ஒதுங்கிவிடுகிறது. இதயம் படபடக்கிறது, வாய் உலர்கிறது.

காது கேட்டதையும் கண் பார்த்ததையும் வாங்கி, "இது ஆபத்தா?" என்று சோதிக்கும் ஒரு சிறிய பகுதி மூளையில் இருக்கிறது. பாதாம் பருப்பின் வடிவில் இருப்பதால் அதற்கு அமிக்டலா என்று பெயர். அது மணி அடித்ததும் செய்தி ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. அங்கிருந்து, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குக் கட்டளை போகிறது. முதலில் அட்ரினலின் சுரக்கிறது. சற்றுப் பின்னால் கார்ட்டிசால் வருகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. செரிமானம் மெதுவாகிறது. உடலின் சக்தி முழுவதும் தப்பிக்கும் வேலைக்குத் திருப்பப்படுகிறது.

இது அல்லாஹ் நமக்குத் தந்த பாதுகாப்பு. இந்த மணி இல்லாவிட்டால் நாம் சாலையைக் கடக்கவே முடியாது. ஆனால் பேருந்து போனதும் மணி ஓய வேண்டும். சில நிமிடங்களுக்காக அமைக்கப்பட்ட ஏற்பாடு மாதக்கணக்கில் ஓடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கடன்காரரின் போன், பிள்ளையின் பரீட்சை, ஓயாத டிவி, நொடிக்கொரு தடவை மின்னும் வாட்ஸ்அப் என எதுவும் பேருந்து அல்ல. ஆனாலும் மூளை அந்த மணியைத்தான் அடிக்கிறது. கார்ட்டிசால் நீண்ட காலம் உயர்ந்தே இருந்தால், நினைவைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பாதிக்கப்படுகிறது. பெயர் மறக்கிறது, கவனம் சிதறுகிறது, சின்ன விஷயத்துக்கும் கோபம் வருகிறது.

காயம் சொன்ன கணக்கு

மன அழுத்தத்துக்கும் எதிர்ப்பு சக்திக்கும் என்ன தொடர்பு? 1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிகளை வைத்து ஆராய்ந்தார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு என்று துன்பம் எதுவானாலும் அவற்றின் உடலில் ஒரே விதமான மாற்றங்கள் தெரிந்தன. அட்ரினல் சுரப்பி பெருத்திருந்தது. வயிற்றில் புண் வந்திருந்தது. நோய் எதிர்ப்பு அணுக்கள் பக்குவப்படும் இடமாகிய தைமஸ் சுருங்கியிருந்தது.

மனிதர்களிடம் நடந்த ஓர் ஆய்வை நாம் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் அதை 1995-ல் வெளியிட்டார்கள். நினைவிழப்பு நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வயதும் அதே அளவு வருமானமும் கொண்ட, பராமரிப்புப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் செய்யப்பட்டது. பொறுப்பு இல்லாத பெண்களுக்கு அது ஆற சராசரியாக 39.3 நாட்கள் ஆயின. பராமரிக்கும் பெண்களுக்கு 48.7 நாட்கள் ஆயின.

யோசித்துப் பாருங்கள். ஒரே அளவு காயம் ஆறுவதற்கு ஒன்பது நாட்களுக்கு மேல் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது. காயத்தைச் சீராக்கும் அணுக்களை அழைக்கும் இரசாயனத் தூதுகள் அந்தப் பெண்களின் உடலில் குறைவாக உருவானதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

1991-ல் ஷெல்டன் கோஹன் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் சளி வைரஸ் கலந்த சொட்டுகள் விடப்பட்டன. எல்லோருக்கும் சளி பிடிக்கவில்லை. மன அழுத்தம் கூடக் கூட, சளி பிடித்தவர்களின் விகிதமும் கூடியது.

இதை வைத்து, நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில், "நீ கவலைப்பட்டதால்தான் இந்த நோய் வந்தது" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நோய்க்குக் காரணங்கள் பல. மருந்தை நிறுத்தவும் இது காரணமாகாது.

காதுக்கு இமை இல்லை

கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை மூட இமை இல்லை. நாம் தூங்கும்போதும் மூளை ஓசையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. விழிப்பு வராவிட்டாலும் இரைச்சலால் இதயத் துடிப்பு கூடும். 2009-ல் வெளியான கோஹன் குழுவினரின் இன்னோர் ஆய்வில், 153 பேருக்கு இதேபோல் வைரஸ் கொடுக்கப்பட்டது. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது.

நபி (ஸல்) அவர்களிடம் விருந்தினராகத் தங்கியிருந்த மிக்தாத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபியவர்கள் இரவில் வரும்போது, தூங்குபவர் விழித்துவிடாமலும் விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் ஸலாம் சொல்வார்கள். ஸலாம் ஒரு நன்மை. அந்த நன்மையைச் சொல்லும்போதும் அடுத்தவரின் தூக்கத்துக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். நள்ளிரவில் கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி வைப்பவர்களும், படுத்திருக்கும் பெற்றோரின் அருகில் போனில் சத்தமாக வீடியோ ஓடவிடுபவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும்.

நம் வீட்டில் அந்தப் பெண் யார்?

அன்பானவர்களே! ஒஹையோவின் 13 பெண்களைப் போன்றவர்கள் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகள், நினைவு தப்பிய வாப்பாவுக்கு இரவில் மூன்று தடவை எழுந்து கொடுக்கும் மகள், நோயாளிக் கணவரைப் பார்க்கும் மனைவி. அவர்களை, "பொறுமைசாலி, சுவர்க்கவாசி" என்று புகழ்கிறோம். புகழ்ந்துவிட்டு நாம் தூங்கப் போகிறோம். அவர்களுடைய காயம் ஆறத் தாமதமாகிறது.

இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமை இருப்பதை எடுத்துச் சொன்னார்கள். இபாதத்துக்கே இந்த எல்லை இருக்கும்போது, ஒருவர் உடலைத் தேய்த்துச் செய்யும் பணிவிடையை மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது எப்படிச் சரியாகும்?

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வாரத்தில் இரண்டு இரவுகள் அந்தப் பொறுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருந்தால் உதவிக்கு ஆள் வைக்கப் பணம் அனுப்புங்கள். போனில், "உம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதற்கு முன்னால், "நீ தூங்கினாயா?" என்று கேளுங்கள். இஷாவுக்குப் பிறகு டிவியை அணைத்து விளக்குகளைக் குறையுங்கள். போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். அவர்களுக்கு வாரக்கணக்கில் தூக்கம் வராமலோ மனம் சோர்ந்தபடியோ இருந்தால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதியையும், நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்கு ஓய்வையும் தருவானாக! அவர்களின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் மனதை நமக்குத் தருவானாக! ஆமீன்.