கையெழுத்து வாங்காத செல்கள்

"கேன்சர்னா என்ன?"ன்னு கேட்டா நம்மில் பலர் சொல்லும் பதில், "செல் ரொம்ப வேகமாப் பிரியும்" என்பதுதான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நம் எலும்பு மஜ்ஜையிலும் குடலின் உள்சுவரிலும் இருக்கும் நல்ல செல்கள், பல கட்டிகளின் செல்களைவிட வேகமாகப் பிரிகின்றன. அப்போ பிரச்சினை வேகம் இல்லை. பிரச்சினை, செக் பண்ணாமல் பிரிவது.

நம்ம லேப்பையே எடுத்துக்குவோம். அப்சர்வேஷனில் சார் கையெழுத்து போடாமல் ரெக்கார்டு எழுத முடியாது. கையெழுத்தே வேண்டாம்னு விட்டுட்டா என்ன ஆகும்? ஒருத்தன் ரீடிங்கில் செய்த தப்பு அடுத்தவன் ரெக்கார்டுக்குப் போகும். அவன் சொந்தமா இன்னொரு தப்பு சேர்ப்பான். கடைசி பெஞ்சுக்குப் போகும்போது அது வேற எக்ஸ்பெரிமென்ட் ஆகியிருக்கும். கேன்சர் வளர்வதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

மூன்று கையெழுத்துகள்

ஒரு மனித செல்லில் 46 குரோமோசோம்கள், அவற்றில் சுமார் 600 கோடி டிஎன்ஏ எழுத்துகள். செல் இரண்டாகும் முன் அத்தனையையும் பிரதி எடுக்க வேண்டும். பிறகு இரண்டு சேய் செல்களுக்கும் தலா 46 என்று பிசகாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதற்கு நடுவில் முக்கியமாக மூன்று செக்பாயின்ட்கள்.

முதலாவது, பிரதி எடுக்கும் முன். வளரச் சொல்லி சிக்னல் வரும் வரை 'ஆர்பி' என்ற புரதம் கதவை மூடியே வைத்திருக்கும். டிஎன்ஏவில் சேதம் இருந்தால் 'பி53' என்ற புரதம் வேலையை நிறுத்தும். சரி செய்ய முடிந்தால் சரி. முடியாவிட்டால் அந்த செல்லைத் தானாகவே சாக வைத்துவிடும்.

இரண்டாவது, பிரதி எடுத்த பிறகு. எல்லாம் முழுசா, பழுதில்லாம இருக்கான்னு பார்ப்பது.

மூன்றாவது, பிரிக்கும் நேரத்தில். இரு துருவங்களிலிருந்தும் வரும் கதிர் இழைகள் ஒவ்வொரு குரோமோசோமையும் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு குரோமோசோம் மாட்டாமல் இருந்தாலும் செல் காத்திருக்கும்.

இப்படி செக்பாயின்ட் என்று ஒன்று இருப்பதை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை ஆராய்ந்து சொன்னவர் லீலண்ட் ஹார்ட்வெல். டிம் ஹன்ட், பால் நர்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹென்ரியெட்டாவின் செல்கள்

கையெழுத்து இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஹீலா செல்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 1951-ல், தனது 31-வது வயதில் இறந்துவிட்டார். அவரிடம் கேட்காமலேயே எடுக்கப்பட்ட கட்டி செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. போலியோ தடுப்பூசி சோதனைக்கும் அவை உதவின.

அந்த செல்களுக்குள் ஹெச்பிவி-18 என்ற வைரஸின் மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பது பிறகு தெரிய வந்தது. அந்த வைரஸின் இ6 புரதம் பி53-ஐ அழிக்கிறது. இ7 புரதம் ஆர்பி-யை முடக்குகிறது. அதாவது, கையெழுத்து போட வேண்டிய இரண்டு பேரும் அவுட்!

இதில் என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. ஆய்வகத்தில் இ6, இ7 இரண்டையும் உற்பத்தியாகாமல் நிறுத்தியபோது, பல்லாண்டுகளாகப் பிரிந்துகொண்டிருந்த ஹீலா செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டன. காவலர்களின் மரபணுக்கள் அதுவரை உள்ளேயே இருந்திருக்கின்றன. வேலை செய்ய விடவில்லை, அவ்வளவுதான்.

ஒரு தப்பு நூறாவது எப்படி?

சாதாரணமாகப் பிரியும் செல்லுக்கு இரண்டு துருவங்கள். காவல் குலைந்த செல்லில் சில சமயம் மூன்று, நான்கு துருவங்கள் உருவாகி, குரோமோசோம்களைக் கண்டபடி இழுக்கும். ஒரு சேய் செல்லுக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு. இந்த எண்ணிக்கைக் குளறுபடிக்கு அனியூப்ளாய்டி என்று பெயர். ஹீலா செல்களில் 46-க்குப் பதில் 70-க்கும் மேல் குரோமோசோம்கள் இருக்கின்றன.

இப்படிக் குளறுபடியான செல்களில் நிறைய செத்துவிடும். ஆனால் தற்செயலாக ஒன்றுக்கு வளர்ச்சியைத் தூண்டும் மரபணு கூடுதலாகக் கிடைக்கும். இன்னொன்று தடுக்கும் மரபணுவை இழக்கும். வேறொன்றுக்கு இடம்விட்டு இடம் நகரும் திறன் வரும். பிழைப்பவை பெருகும். அதனால்தான் முற்றிய கட்டியில் இருப்பது ஒரே மாதிரி செல்கள் அல்ல. பல ரகக் கூட்டம். குரோமோசோம் பங்கீட்டில் வரும் தப்புதான் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவெரி 1914-லேயே எழுதினார்.

வேலியோரச் செடி

நம்ம ஊர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற கேன்சர் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. இவை கதிர் இழைகளை உருவாக விடாது. செல் பிரிய முடியாமல் நடுவிலேயே மாட்டிக்கொண்டு சாகும். வேகமாகப் பிரியும் முடிவேர் செல்களும் சேர்ந்து அடிபடுவதால்தான் கீமோவில் முடி கொட்டுகிறது. ஆனால் அந்தப் பல ரகக் கூட்டத்தில் மருந்துக்கு அடங்காத ஒரு ரகம் இருந்துவிட்டால், அது திரும்ப வளரும். எத்தனை செக் பண்ணாத பிரிவுகள் நடந்திருக்கோ, அவ்வளவு சிகிச்சை கஷ்டம். "சீக்கிரம் கண்டுபிடிங்க"ன்னு டாக்டர்கள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

நம்மால் ஆவது

ஹெச்பிவி தொற்று பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால், அது புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 வருடம் ஆகும். அந்தக் கால இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் சான்ஸ். 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. ஏற்கெனவே வந்த தொற்றை அந்த ஊசி குணப்படுத்தாது. அதனால் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பரிசோதனை முக்கியம். பாப் ஸ்மியர் பரிசோதனையில் சில செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். உட்கரு பெரிதாகி, வடிவம் மாறிய செல்கள் கேன்சராகும் முன்பே தெரிந்துவிடும்.

இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் இது இரண்டாம் இடத்தில் இருக்கிறது. ஆனாலும் நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசக் கூச்சம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம், "டெஸ்ட் எடுத்திருக்கியாம்மா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஸ்கூல் படிக்கும் தங்கச்சி இருந்தா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் விசாரிங்க. பையன்களும்தான்!