தம்பியின் ரெக்கோடர் ஏன் கீச்சிடுகிறது?

மாணவர்களே, உங்கள் வீட்டில் நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டு படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால், மாலை வேளையில் ரெக்கோடர் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். நன்றாக வந்துகொண்டிருக்கும் பாட்டு திடீரெனக் ‘கீச்’ என்று அலறும். வீட்டிலுள்ளவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். “உனக்கு இசை வராது, விட்டுவிடு” என்று யாராவது சொல்லிவிட்டால், பத்து வயதுக் குழந்தை உண்மையாகவே விட்டுவிடும்.

அந்தக் கீச்சொலி திறமைக் குறைவால் வருவதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்று அறிவியல் விதிப்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். படிவம் 2-இல் ஒலி அலைகளைப் படித்தவர்களால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும். தம்பிக்கு உதவவும் முடியும். எப்படி என்று பார்ப்போம்.

ஒலி எங்கே பிறக்கிறது?

கித்தாரில் கம்பி அதிர்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. ரெக்கோடரில் அப்படி அதிரும் பாகம் எதுவும் இல்லை. அதிர்வது காற்று மட்டுமே.

ஊதும் பகுதிக்குள் ஒரு குறுகிய வழி இருக்கிறது. நாம் ஊதும் காற்று அதன் வழியாக மெல்லிய பட்டையாக வெளியேறி, எதிரே உள்ள கூர்மையான விளிம்பில் மோதுகிறது. ரெக்கோடரின் மேற்பகுதியில் சிறிய சதுர ஜன்னல்போல் தெரிகிறதே, அங்கேதான் இந்த விளிம்பு உள்ளது. மோதிய காற்று ஒரு கணம் குழாய்க்கு உள்ளேயும் மறுகணம் வெளியேயும் மாறி மாறிப் பாய்கிறது. இதனால் குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தம்பம் அதிரத் தொடங்குகிறது.

ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். மலாய்ப் பாடநூலில் ‘ஃபிரெகுவென்சி’ என்று படிப்பது இதைத்தான். அதிர்வெண் கூடினால் சுருதி உயரும்; குறைந்தால் சுருதி தாழும்.

விரல்கள் செய்யும் வேலை

ரெக்கோடரை இரு பக்கமும் திறந்த குழாயாகக் கருதலாம். ஒரு திறப்பு ஜன்னல். மற்றொன்று முதலில் திறந்திருக்கும் துளை. எல்லாத் துளைகளையும் மூடினால் குழாயின் அடிப்பகுதியே மறு திறப்பு. இத்தகைய குழாய்க்கு எளிய சூத்திரம் உண்டு:

அதிர்வெண் = ஒலியின் வேகம் ÷ (2 × காற்றுத்தம்பத்தின் நீளம்)

நம் நாட்டு வெப்பநிலையான 30 பாகை செல்சியசில், காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். பள்ளியில் பயன்படுத்தும் சிறிய சொப்ரானோ ரெக்கோடருக்கு இதைக் கணக்கிட்டால் கிடைப்பவை:

பி: 988 ஹெர்ட்ஸ், நீளம் 17.7 செ.மீ.
ஏ: 880 ஹெர்ட்ஸ், நீளம் 19.8 செ.மீ.
ஜி: 784 ஹெர்ட்ஸ், நீளம் 22.3 செ.மீ.
கீழ் சி (எல்லாத் துளைகளும் மூடியது): 523 ஹெர்ட்ஸ், நீளம் 33.4 செ.மீ.

அளவுகோலை வைத்து ஜன்னலிலிருந்து அடிப்பகுதிவரை அளந்தால் 33.4 செ.மீ. வராது, குறைவாகவே வரும். கணக்கில் தவறில்லை. அதிரும் காற்று குழாயின் விளிம்போடு நின்றுவிடாமல், திறப்புகளுக்குச் சற்று வெளியேயும் நீள்கிறது.

ஆசிரியர்கள் பெரும்பாலும் பி, ஏ, ஜி ஆகிய மூன்று சுரங்களை ஏன் முதலில் கற்பிக்கிறார்கள் என்பதும் இங்கே புரியும். இவற்றுக்கு இடது கை மட்டும் போதும். கட்டைவிரல் பின்துளையை மூட, முன்னால் ஒரு விரல் வைத்தால் பி, இரண்டு வைத்தால் ஏ, மூன்று வைத்தால் ஜி. மூட வேண்டிய துளைகள் குறைவு. ஆகவே சிறிய விரல்களுக்குக் காற்று கசியும் வாய்ப்பும் குறைவு.

கீச்சொலிக்கு மூன்று காரணங்கள்

1. காற்றுக் கசிவு. பின்துளையில் கட்டைவிரல் சற்று விலகினாலும், காற்றுத்தம்பம் முழு நீளத்துக்கு அதிராமல் இரண்டு பாதிகளாக அதிரும். நீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்கு. 784 ஹெர்ட்ஸ் ஜி, 1568 ஹெர்ட்ஸாகத் தாவிவிடும். தேர்ந்த கலைஞர்கள் மேல் ஸ்தாயியை வாசிப்பதற்கு இதையேதான் வேண்டுமென்று செய்கிறார்கள்! தம்பி தெரியாமல் செய்கிறான். துளையை விரல் நுனியால் மூடாமல், சதைப்பற்றான பகுதியால் மூடச் சொல்லுங்கள். விரலில் துளையின் வட்டத் தடம் முழுமையாகப் பதிந்திருந்தால் சரியாக மூடியிருக்கிறான் என்று பொருள்.

2. வேகமாக ஊதுதல். காற்றின் வேகம் கூடும்போது சுருதி முதலில் மெல்ல உயரும். பிறகு மேல் ஸ்தாயிக்குத் தாவும். வெந்நீரை ஊதி ஆற்றுவதுபோல் ஊதக் கூடாது. முன்னால் மெழுகுவத்தி எரிவதாகவும், சுடர் அணையாமல் லேசாக அசைய வேண்டும் என்றும் எண்ணிக்கொண்டு ஊதச் சொல்லுங்கள்.

3. நீர்த்துளி. மூச்சுக்காற்றில் ஈரப்பதம் உண்டு. குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டதும் அது நீராகிக் குறுகிய வழியை அடைத்துக்கொள்ளும். வாசிக்கும் முன் மேற்பகுதியைச் சில நிமிடங்கள் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினால் இது குறையும்.

முப்பது பேர் சேர்ந்து வாசித்தால்?

தனியாகச் சரியாக வாசிப்பவர்கள்கூட வகுப்பில் சேர்ந்து வாசிக்கும்போது ஒலி அலைபாய்வதுண்டு. ஒருவருடைய ஜி 784 ஹெர்ட்ஸ், பக்கத்திலுள்ளவருடையது 788 ஹெர்ட்ஸ் என்றால், வினாடிக்கு 4 முறை ஒலி கூடிக் குறையும். இதனை விம்மல் என்கிறோம். ஒருவர் பலமாகவும் மற்றவர் மெதுவாகவும் ஊதுவது ஒரு காரணம். ஒருவருடைய ரெக்கோடர் கையில் சூடேறியிருக்க, மற்றவருடையது அப்போதுதான் பையிலிருந்து வெளிவந்திருப்பது இன்னொரு காரணம். “எல்லாரும் மெதுவாக ஊதுங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்” என்று இசையாசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

செய்து பாருங்கள்

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஜி சுரத்தை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என மூன்று விதமாக ஊதி அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டைவிரலைச் சற்றே விலக்கி மீண்டும் ஊதுங்கள். எண் இருமடங்காகிறதா? ஒரே ரெக்கோடரை இருவர் ஊதினால் இடையில் கழுவ மறக்காதீர்கள்.

கேள்வி: ஜி சுரத்துக்கான 22.3 செ.மீ. காற்றுத்தம்பம் 20 பாகை செல்சியசில் இருந்தால் அதிர்வெண் என்ன? ஒலியின் வேகம் அப்போது வினாடிக்கு 343 மீட்டர்.

விடை: 343 ÷ (2 × 0.223) = ஏறக்குறைய 769 ஹெர்ட்ஸ். குளிர்ந்த காற்றில் சுருதி இறங்குகிறது.

அடுத்த முறை வீட்டில் அந்தக் கீச்சொலி கேட்டால், “நிறுத்து” என்று சொல்வதற்கு முன் தம்பியின் இடது கட்டைவிரலைப் பாருங்கள். அதைச் சற்று நகர்த்தி வைத்தாலே பாட்டு சரியாக வந்துவிடக்கூடும்.