படத்தின் மேல் எழுத்து: கம்ப்யூட்டருக்கு வேலையைக் குறைப்போம்!



கம்ப்யூட்டரில் படம் ஓடும்போது சத்தத்தைக் கூட்டினால் மூலையில் ஒரு கோடும் எண்ணும் வரும். கீழே வசனம் ஓடும். படத்தின் மேல் வரும் இந்த எழுத்துக்கு ஓ.எஸ்.டி. என்று பெயர். ‘சின்ன எழுத்துதானே’ என்று தோன்றும். ஆனால் மென்பொருளைச் சரியாக எழுதாவிட்டால், அந்தச் சின்ன எழுத்தே படத்தைத் திக்கித் திணற வைத்துவிடும்.

எங்கள் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஊரான சிவகாசியில் காலண்டர் அடிப்பதைப் பாருங்கள். சாமி படத்தை முன்னாடியே மொத்தமாக அடித்து, கீழே இடம் விட்டு வைப்பார்கள். ஆர்டர் வந்ததும் அந்த இடத்தில் கடைப் பேரை மட்டும் அடிப்பார்கள். ஒவ்வொரு கடைக்கும் படத்தையே மறுபடி அடித்தால் கட்டுபடியாகுமா? ஓ.எஸ்.டி.க்கும் அதே சூத்திரம்தான்.

கணக்குப் போடுவோம்

1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 25 படம் என்றால் 5,18,40,000 புள்ளிகள். எழுத்து இருக்கும் இடம் 400 × 60 என்று வைத்துக்கொண்டால் 24,000 புள்ளிகள்தான். வினாடிக்கு 6 லட்சம். வேலை 86-ல் ஒரு பங்காகக் குறைகிறது!

கடைப்பிடிக்க வேண்டியவை

1. எழுத்து உள்ள கட்டத்தை மட்டும் தொட வேண்டும். எழுத்தே இல்லாதபோது எதையும் தொடக்கூடாது.

2. ஒருமுறை வரைந்த எழுத்தை நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாறினால்தான் மறுபடி வரைய வேண்டும்.

3. வீடியோ, ஒளி வேறு நிறம் வேறு என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கும். எழுத்துக்காக முழுப் படத்தையும் சிவப்பு-பச்சை-நீலமாக மாற்றுவது வீண். எழுத்தின் நிறத்தைப் படத்தின் முறைக்கு மாற்றினால் போதும்.

‘லிபாஸ்’ என்ற இலவச மென்பொருள் நூலகம் இப்படித்தான் செய்கிறது. ‘எம்பிவி’ பிளேயர் இதைத்தான் பயன்படுத்துகிறது. முழுத்திரைப் படம் தராமல், எழுத்துகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தருகிறது. கூடவே ஓர் எண்ணும் சொல்கிறது: 0 என்றால் மாற்றமில்லை, 1 என்றால் இடம் மட்டும் மாறியது, 2 என்றால் எழுத்தே மாறியது. 0 வந்தால் பிளேயர் பழைய துண்டையே ஒட்டிவிடலாம்.

தமிழுக்கு இது ரொம்ப முக்கியம். ‘கொ’ என்பது யூனிகோடில் ‘க’ ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. திரையிலோ கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. இதை அடுக்கித் தர ‘ஹார்ஃப்பஸ்’ என்று தனி நூலகம் வேலை செய்கிறது. ஒரே வசனத்துக்கு வினாடிக்கு 25 தடவை இதைச் செய்யச் சொல்லலாமா?

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் படிக்க வந்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்கள் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர்தான். காது கேளாத ஒருவருக்கு அந்த வசன வரிதான் படமே. புது மிஷின் வாங்கச் சொல்வது சுலபம். பழைய மிஷினிலும் ஓடுகிற மாதிரி எழுதுவதுதான் படித்தவன் வேலை. நாளை புரோகிராம் எழுதப்போகும் நண்பர்களே, எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதில் எது மாறியது?’ மாறியதை மட்டும் செய்யுங்கள்.