பாய்மரப் படகின் மின்கம்பிகள்

ஒரு மரக்கலத்தின் முதுமையை அதன் உடலைக் கொண்டே மதிப்பிடுதல் உலக வழக்கு. பலகை உளுத்ததோ, பாய் கிழிந்ததோ, சுக்கான் தளர்ந்ததோ என்று பார்ப்பவர் பலர். சுவருக்குப் பின்னும் பாய்மரத்தின் உள்ளும் மறைந்தோடும் செப்புக் கம்பிகளை நினைப்பவரோ மிகச் சிலர். ஆயினும், இக்காலத்துச் சிறு பாய்மரப் படகில் இரவு விளக்கு எரிவதும், அடித்தளத்தில் ஊறும் நீர் இறைக்கப்படுவதும், ஆபத்து வேளையில் ரேடியோ பேசுவதும் அக்கம்பிகளாலேயே ஆகும். அவை எவ்வாறு கெடுகின்றன, கெட்டதை அறிவது எங்ஙனம், புதியனவற்றை எம்முறையில் இடவேண்டும் என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம். வகுப்பில் நாம் கற்ற பௌதிக விதி ஒன்றே இதற்குப் போதிய கருவியாகும்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்தில் பிரிஸ்டல் என்னும் துறைமுக ஊர் உண்டு. அங்கே கிளிண்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்னும் உறவினர் இருவர் நடத்திய தொழிற்சாலை, கார்ல் ஆல்பர்க் என்பார் வரைந்த அமைப்பின்படி, சுமார் 28 அடி நீளமுள்ள டிரைட்டன் என்னும் படகைக் கட்டி 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் காட்சியில் வைத்தது. மரத்தாலன்றிக் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்க்கப்பட்ட படகு அது. அதன்பின் 1960-களில் இவ்வகைப் படகுகள் நூற்றுக்கணக்கில் கட்டப்பெற்றன. அவற்றுட் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. கண்ணாடி இழை உளுப்பதில்லை. புழுவும் அதனை அரிப்பதில்லை. எனவே உடல் அரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்து நிற்கிறது. ஆனால் உடலுக்குள்ள ஆயுள் கம்பிக்கு இல்லை. உறுதியான உடலுக்குள் நலிந்த நரம்புகள் ஓடும் நிலைமை இத்தகைய பழம் படகுகள் அனைத்திற்கும் பொதுவாயிற்று.

கம்பி கெடுவது எவ்வாறு? புளி இட்டுத் துலக்காத செப்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதை நாம் வீட்டிலே கண்டிருக்கிறோம். கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருத்தலால் அங்கே செம்பு இன்னும் விரைந்து கெடுகிறது. கம்பியின் மேலுறை அதனைக் காக்கும் என்று கருதலாம். ஆனால் உறை முடிந்து செம்பு வெளிப்படும் முனையில் ஈரம் நுழைந்து, திரியில் எண்ணெய் ஏறுவது போல, மெல்லிழைகளின் இடையே நெடுந்தூரம் ஊர்ந்து செல்கிறது. மேலே உறை பழுதின்றித் தோன்ற, உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகிறது. அன்றியும், படகு கைம்மாறுந்தோறும் புதிய உரிமையாளர் புதிய கருவிகளை வைத்து, பழைய கம்பியோடு புதிய கம்பியை முறுக்கி இணைத்துவிடுகின்றனர். இவ்வாறு ஆண்டுகள் பல சென்றபின், எக்கம்பி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை அறிந்தவர் ஒருவரும் இலராகின்றனர்.

இனி நாம் கூறிய பௌதிக விதிக்கு வருவோம். ஜெர்மானியரான கேயார்க் சைமன் ஓம் 1827-இல் தம் நூலில் விளக்கியது அது. ஒரு கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தம், அதில் ஓடும் மின்னோட்டத்தையும் அதன் தடையையும் பெருக்கிய அளவாகும் என்பதே அதன் சாரம். வீட்டிலே 230 வோல்ட் அழுத்தத்தில் 25 வாட் விளக்கொன்று எரியின், ஓடும் மின்னோட்டம் ஆம்பியரில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே. படகின் பாட்டரியோ 12 வோல்ட்; அதே 25 வாட் விளக்கிற்கு இங்கே 2 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அழுத்தம் சிறியதாதலின் ஓட்டம் பெரிதாகிறது. ஓட்டம் பெரிதாதலின் இழப்பும் பெரிதாகிறது. ‘12 வோல்ட்தானே, மெல்லிய கம்பி போதும்’ என்று நினைப்பவர் உண்மையைத் தலைகீழாகப் பார்க்கின்றனர்.

ஓர் உதாரணத்தால் இதனைத் தெளிவிப்போம். பாட்டரியிலிருந்து பாய்மர உச்சி விளக்கு வரை 15 மீட்டர் என்று கொள்க. மின்னோட்டம் சென்று மீளவேண்டுமாதலின் கம்பியின் நீளம் 30 மீட்டர். கம்பியின் குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டராயின் தடை சுமார் 0.34 ஓம், 25 வாட் விளக்கு எரியும்போது இழப்பு சுமார் 0.7 வோல்ட், அதாவது நூற்றுக்கு 6 பங்கு. அமெரிக்கன் போட் அண்டு யாட் கௌன்சில் என்னும் சபையின் விதிப்படி, வழிகாட்டும் விளக்குகளுக்குச் செல்லும் கம்பியில் இழப்பு நூற்றுக்கு 3 பங்கிற்கு மேற்படலாகாது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் இவ்விதிக்குச் சற்றே குறைபடுகிறது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பியே பொருந்தும். புதுக் கம்பிக்கே கணக்கு இவ்வாறாயின், களிம்பேறிய பழங்கம்பியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விழப்பு அற்பமன்று. இழை விளக்கில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துபோம். கடலில் மோதுதலைத் தடுக்க 1972-இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த படகின் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள் 1 கடல் மைலும், பின்புற வெள்ளை விளக்கு 2 கடல் மைலும் தெரிய வேண்டும். இருளில் விரைந்து வரும் பெருங்கப்பலின் காவலன் சிறு படகை அறிவது இவ்வொளியைக் கொண்டே. படகிலிருந்து நோக்குவோருக்கு விளக்கு எரிகின்றது என்றே தோன்றும். வருகின்ற கப்பலிலிருந்து நோக்குவோருக்கு அது தோன்றாமற் போகலாம். உயிர் இங்கே ஒரு வோல்டின் பகுதியைப் பற்றி நிற்கிறது.

அடுத்து, கெட்ட கம்பியை அறியும் வகையைக் காண்போம். பலர் விளக்கைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் வோல்ட் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கின்றனர். கருவி 12.6 வோல்ட் காட்டுகிறது. கம்பி நலமே என்று தீர்ப்பளிக்கின்றனர். இத்தீர்ப்பு பிழையுடைத்து. அளக்கும் கருவி இழுக்கும் ஓட்டம் மிக நுண்ணியது. ஓட்டம் இல்லையேல் இழப்பும் இல்லை. ஆகவே கெட்ட கம்பியும் நல்லது போலவே தோன்றும். விளக்கை ஏற்றி, பம்பை ஓடவிட்டு, அப்பொழுது அதன் முனைகளில் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். களிம்பேறிய ஓர் இணைப்பின் தடை அரை ஓம் எனின், அதன் வழியே 5 ஆம்பியர் ஓடும்போது 2.5 வோல்ட் அங்கேயே மடிகிறது, 12.5 வாட் வெப்பம் அச்சிற்றிடத்தில் எழுகிறது. பற்றவைக்கும் சிறு கோலொன்றைச் சுவருக்குப் பின்னே மறந்து வைத்ததற்கு இது ஏறத்தாழ ஒப்பாகும்.

தீ என்னும் பேராபத்தும் இதனோடு சேர்ந்ததே. டிரைட்டன் போன்ற பழம் படகுகளில் பெட்ரோல் எஞ்சின் அமைந்திருந்தது. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானதாகலின் அடித்தளத்தில் தங்கும். ஒரு பொறி போதும். மேலும், 12 வோல்ட் பாட்டரி தொட்டால் அதிர்ச்சி தாராதெனினும், அதன் இரு முனைகளும் நேரே கூடினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பியைச் சிவக்கக் காய்ச்சும். ஆகவே ஒவ்வொரு கம்பிக்கும் பியூஸ் வேண்டும். பியூஸ் கருவியைக் காக்க வந்தது என்பது பொதுமக்கள் எண்ணம். அது முதலாவதாகக் கம்பியைக் காக்க வந்ததே. ஆதலின் கம்பி தாங்கும் அளவுக்குள் அதன் அளவு அடங்கவேண்டும். மின்சாரம் புறப்படும் இடத்திற்கு அருகிலேயே அது இருக்கவேண்டும். மேற்கூறிய சபை, சில விலக்குகள் நீங்கலாக, 7 அங்குலத்திற்குள் என்று வரையறுக்கிறது. பியூஸுக்கு முன்னுள்ள கம்பிக்குக் காவல் இல்லை என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இனி வேலையின் ஒழுங்கைக் கூறுவோம். முதற்கண், ஒன்றையும் கழற்றுமுன், உள்ளவற்றை உள்ளவாறே தாளில் வரைந்து, ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் எண்ணிட்ட சீட்டுக் கட்டுதல் வேண்டும். அடுத்து, அடித்தளத்துக் காற்றை நன்கு வெளியேற்றிப் பாட்டரியைப் பிரித்தல். எஞ்சினோடு எதிர்முனை இணைந்த படகில் அம்முனையை முதலிற் கழற்றுக. பின்பு நேர்முனையைக் கழற்றுங்கால் திருகுசாவி எஞ்சினைத் தொடினும் பொறி பறவாது. மூன்றாவது, பழைய கம்பியை வெறுமனே உருவி எறிந்துவிடலாகாது. அதன் ஒரு முனையில் உறுதியான நூற்கயிற்றைக் கட்டி இழுத்தால், கயிறு அதே வழியில் நுழைந்து நிற்கும். புதிய கம்பியை அக்கயிற்றால் ஈர்த்துக்கொள்ளலாம். பாய்மரத்தின் உள்ளே பாயேற்றும் கயிறுகளும் ஓடுமாயின், அவை உராய்ந்து உறையைத் தேய்க்காதவாறு கம்பியைத் தனிக் குழலில் அடக்குதல் நன்று.

கம்பி எத்தகையது? ஒற்றைத் தண்டாயுள்ள வீட்டுக் கம்பி படகுக்கு ஆகாது. அலையின் இடையறாத அசைவால் அது ஒடியும். பல மெல்லிழைகள் கூடியதும், ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயப் பூச்சு உடையதுமான கம்பியே தக்கது. பித்தளைப் பாத்திரத்திற்கு நம்மவர் ஈயம் பூசுவதும் களிம்பைத் தடுக்கவேயன்றோ? முனைகளை இணைக்குங்கால் பற்றாசை மட்டும் நம்புதல் தகாது. உருகிய பற்றாசு இழைகளிடையே ஏறி அவ்விடத்தை விறைப்பாக்கும். விறைப்பு முடியும் இடத்தில் கம்பி அசைந்து அசைந்து முறியும். தக்க கருவியால் முனைக்குழையை நெரித்துப் பொருத்தி, உட்புறம் பசையுடையதும் சூடேற்றினால் சுருங்குவதுமான குழலால் மூடினால் ஈரம் புகாது. கம்பிகளை 18 அங்குலத்திற்கு ஒரு பிடிப்பாகத் தாங்கி, அடித்தள நீருக்கு எட்டாத உயரத்தில் கொண்டு செல்லுதல் வேண்டும்.

எல்.ஈ.டி. விளக்குகள் வந்துவிட்ட இக்காலத்தில் மின்னோட்டம் பெரிதும் குறைந்துவிடுமே, பெருங்கம்பி எதற்கு என்று சிலர் வினவலாம். ஓட்டம் குறைதல் உண்மையே. பாட்டரிக்கும் அது நன்மையே. ஆயினும் களிம்பேறிய இணைப்பை எந்த விளக்கும் திருத்தாது. பழைய விளக்குக் கூட்டில் குமிழை மட்டும் மாற்றினால், வண்ணக் கண்ணாடியின் வழியே வரும் நிறமும் ஒளி பரவும் கோணமும் விதிக்கு மாறுபடலாம். விளக்கு முழுவதையும் மாற்றுதலே முறை.

வேலை முடிந்தபின் ஒன்று எஞ்சுகிறது. முதலில் வரைந்த படத்தைத் திருத்தி, புதிய கம்பி ஒவ்வொன்றின் எண், பருமன், பியூஸின் அளவு ஆகியவற்றை எழுதிப் படகிலேயே வைத்தல் வேண்டும். பழைய கம்பிகள் அத்துணைக் குழப்பமாயிருந்ததற்கு முதற்காரணம், முன்னே வேலை செய்தவர் பின்னே வருவாரை நினையாமையே. மறைந்திருக்கும் கம்பியைத் திருத்தினவனுக்குப் புகழ் கிடைப்பது அரிது. சுவர்ப்பலகை மூடியபின் அதனைக் காண்பார் இலர். ஆயினும் இரவிலே காற்று மிகுந்து, கரை மறைந்து, தூரத்தே ஒரு கப்பல் தோன்றும் வேளையில், படகிலுள்ளார் உயிரைக் காப்பது அம்மறைந்த வேலையே. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் செம்மையாகச் செய்தலே தொழிலறிவின் இலக்கணம் என்பதை நாம் இதனால் உணர்வோமாக.