குட்டியைத் தேடாதே, வளர்ந்த நாயைப் பார்!

நாய் வளர்க்கப் போறேன், அதுவும் கடையில வாங்காம காப்பகத்துல இருந்து தத்தெடுக்கப் போறேன்னு நீ சொன்னதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம்டி. போன்ல அரைகுறையா சொல்றதைவிட எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். படிச்சிட்டு உன் வீட்டுக்காரர்கிட்டயும் மாமியார்கிட்டயும் கொடு. வீட்டுல ஒருத்தருக்கு இஷ்டம் இல்லைன்னாலும் கஷ்டப்படப் போறது அந்த நாய்தான்.

முதல்ல காப்பகம்னா என்னன்னு புரிஞ்சுக்கோ. அடிபட்டது குணமாகற வரைக்கும், வீடில்லாததுக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் தங்கற இடம் அது. நம்ம சென்னை ப்ளூ கிராஸை 1959ல விமானி கேப்டன் வி. சுந்தரம் ஆரம்பிச்சார். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா எவ்வளவு பெரிய அமைப்பா இருந்தாலும் சுவர் விரியாது. வண்டி ஏறி இடுப்பெலும்பு உடைஞ்ச ஒரு நாய் ராத்திரி வந்து இறங்கும்போது அதுக்கு ஒரு கூண்டு காலியா இருக்கணும். குணமான நாய் தன் தெருவுக்குத் திரும்பினா, இல்லை யாராவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாதான் அந்தக் கூண்டு காலியாகும். இன்னொரு விதமாவும் காலியாகும், அதை நான் எழுத விரும்பலை. அதனால நீ எந்த உதவி செஞ்சாலும் ஒண்ணு கேட்டுப் பார்: இதனால அங்க ஒரு இடம் காலியாகுதா, நிறையுதா?

தெருவுல நல்லா ஓடி விளையாடற குட்டிகளைப் பரிதாபப்பட்டு அள்ளிட்டுப் போய்க் காப்பகத்துல விடறவங்க நிறைய பேர் இருக்காங்க. நல்ல மனசுதான், ஆனா அந்தக் குட்டிக்கு அது ஆபத்து. அங்க நோயாளி நாய்கள் வந்து போகும். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோவும் டிஸ்டெம்பரும் சுலபமா தொத்திக்கும். பார்வோ வந்தா வாந்தியும் ரத்தபேதியுமா சில நாள்லயே உயிர் போயிடலாம். தாய் பக்கத்துல இருக்கிற குட்டி எட்டு வாரமாவது தாய்கிட்டயே இருக்கட்டும். நீ தாய்க்குச் சோறு வை, மழைக்கு ஒதுங்க ஒரு மறைப்பு பண்ணிக் கொடு. குட்டிங்க பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடைக்கு ஏற்பாடு செய். நாய்க்குச் சினைக்காலம் ரெண்டு மாசம்தான், வருஷத்துல ரெண்டு தடவைகூடக் குட்டி போடும். அதைத் தடுத்தா எத்தனை குட்டிங்க குப்பைமேட்டுல பிறக்காம இருக்கும்னு யோசிச்சுப் பார்.

தெருநாய்க்குக் கருத்தடை பண்ற இந்த வழியை ப்ளூ கிராஸ் 1964லயே சென்னையில ஆரம்பிச்சுது. மத்திய அரசு விதிகளா வந்தது 2001ல. 2023ல அதைப் புதுசா எழுதினாங்க. கருத்தடை பண்ணி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காது ஓரத்துல சின்னதா வெட்டிவிட்டு, பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும். உன் தெருவுல காது ஓரம் வெட்டின நாய் இருந்தா அதுக்கு ஆபரேஷன் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஆனா 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்கள்ல இருக்கிற நாய்களைப் பிடிச்சுக் காப்பகத்துலயே வைக்கணும், அங்கேயே திரும்ப விடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அப்படின்னா காப்பகத்துல நெருக்கடி கூடத்தான் செய்யும். அங்க இருந்து ஒரு நாயை நீ கூட்டிட்டு வர்றதுக்கு இப்போ முன்னைவிட மதிப்பு அதிகம்.

இப்போ எந்த நாய்ங்கிற விஷயத்துக்கு வர்றேன். இதுலதான் நான் உன்கிட்ட கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். உள்ளே போனதும் குட்டிங்க ஓடிவந்து உன் துப்பட்டாவைக் கடிக்கும். மனசு கரைஞ்சு போயிடும். கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு அதைத் தாண்டிப் போ. குட்டிகளைக் கேட்டு ஆட்கள் வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. ரெண்டு வயசு, நாலு வயசு நாட்டு நாயை யாரும் கேட்க மாட்டாங்க. அதுலயும் கறுப்பு நாய்னா இன்னும் பின்னாடி, ஒரு கால் இல்லாததுன்னா அதுக்கும் பின்னாடி.

வளர்ந்த நாயில உனக்குமே லாபம் இருக்கு. அது இன்னும் எவ்வளவு வளரும்னு யோசிக்க வேண்டாம். குணம் என்னன்னு அங்க பார்த்துக்கிறவங்களுக்கே தெரியும். குட்டி மாதிரி மணிக்கொரு தரம் வீட்டை நனைக்காது. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. அஞ்சாறு மணி நேரம் தனியா இருக்க வளர்ந்த நாயாலதான் முடியும். அப்புறம் நாட்டு நாய்க்கு நம்ம வெயில் பழக்கம். ஹஸ்கியை ஏசி போட்டு வளர்த்து, கரண்ட் பில்லைப் பார்த்துட்டுத் தெருவுல விட்டவங்க கதை நமக்குத் தெரியாததா? ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம்ம ஊர் ஜாதிதான், கம்பீரம்தான். ஆனா அதுங்க வேட்டைக்குன்னு வளர்த்த ஓட்டக்கார நாய்கள். ரெண்டு ரூம் ஃப்ளாட்டுல அடைச்சு வைக்காதே.

இன்னொண்ணு. 'பொட்டை நாய் வேண்டாம்'னு யாராவது சொல்லுவாங்க, உன் மாமியாரே சொன்னாலும் ஆச்சரியமில்லை. இந்த ஒரு வார்த்தையாலதான் பெண் குட்டிகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பையில கட்டி, ஊர் எல்லையிலயோ ஏரிக்கரையிலயோ வீசிட்டுப் போறாங்க. அவங்க பயப்படறதெல்லாம் வீட்டுல ரத்தக்கறை படும், ஆண் நாய்ங்க வாசல்ல கூடும், குட்டி போடும்ங்கிறதுக்குத்தானே? கருத்தடை பண்ணின நாய்கிட்ட இது மூணுமே கிடையாது. பெரும்பாலான காப்பகங்கள்ல கருத்தடை பண்ணித்தான் தருவாங்க, இல்லைன்னா நீ பண்ணியாகணும்னு எழுதி வாங்குவாங்க. மாமியார்கிட்ட இதைப் பொறுமையா எடுத்துச் சொல்லு. வாக்குவாதம் பண்ணாதே, ஒரு தடவை காப்பகத்துக்கே கூட்டிட்டுப் போ.

முதல் தடவை போனதுமே கையெழுத்துப் போடாதே. இன்னொரு நாளும் போய் அதே நாயைக் கொஞ்ச தூரம் நடத்திப் பார். தினமும் சோறு வைக்கிறவங்ககிட்ட கேளு: சாப்பிடும்போது பக்கத்துல போனா உறுமுதா? சின்னப் பிள்ளைங்களைப் பார்த்தா எப்படி? துடைப்பம், குச்சி, ஹெல்மெட் போட்ட ஆள், எதுக்கு மிரளுது? என்ன நோய்க்கு உள்ளே வந்தது, என்ன ஊசி போட்டிருக்கு? அவங்களும் உன்னைத் துருவித் துருவிக் கேட்பாங்க, சில சமயம் வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. கோவிச்சுக்காதே. அப்படிக் கேட்கிற இடம்தான் நம்பகமான இடம். வாடகை வீடுங்கிறதால வீட்டுக்காரம்மாகிட்ட முன்னாடியே சம்மதம் எழுதி வாங்கிக்கோ. அசோசியேஷன்காரங்க நாயே கூடாதுன்னு தடை போட முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் சொல்லியிருக்கு. ஆனாலும் அந்தத் தாளை நீட்டிச் சண்டை போடறதைவிட, லிஃப்டுல பெல்ட்டைக் கையில சுருக்கிப் பிடிச்சுக்கிட்டு, கீழே அசிங்கம் பண்ணினா உடனே அள்ளிப் போட்டா பாதிப் பேர் வாயே திறக்க மாட்டாங்க.

வீட்டுக்கு வந்த முதல் மூணு நாள் யாரையும் கூப்பிட்டுக் காட்டாதே, குளிப்பாட்டாதே, கொஞ்சிக் கட்டிப்பிடிக்காதே. ஒரு மூலையில சாக்கோ பழைய பெட்ஷீட்டோ விரிச்சு, தண்ணி வச்சு, அது பாட்டுக்கு இருக்க விடு. சாப்பிடாம கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சாலும் பதறாதே. வீட்டோட நேரங்காலம் பிடிபட மூணு வாரம் ஆகும். இது நம்ம வீடுன்னு அது நம்பறதுக்கு மூணு மாசம்கூட ஆகலாம். புதுசா வந்த நாய்ங்க நிறைய தொலைஞ்சு போறது இந்த ஆரம்ப நாள்கள்லதான். கூரியர்காரர் வந்து கதவைத் திறக்கற அந்த ஒரு நொடி போதும். வர்றதுக்கு முன்னாடியே கழுத்துப் பட்டையில உன் போன் நம்பரை எழுதி மாட்டு, வெளியில போக நெஞ்சோட சேர்த்துப் போடற ஹார்னஸ் வாங்கு. வெறும் பட்டையைத் தலைவழியா உருவிக்கிட்டு ஓடிடும்.

சாப்பாட்டை உடனே மாத்தாதே. அங்க என்ன சாப்பிட்டுதோ அதையே சில நாள் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா மாத்து. சோறும் வேகவச்ச சிக்கனும் போதும், முட்டை, தயிர்சாதம் கொடுக்கலாம். மிச்சமான சாம்பாரை ஊத்தாதே, வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தத்துக்கே கேடு. திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு சில்லு சில்லாப் பிளந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சல்னு நம்ம மாத்திரையைக் கொடுக்காதே. நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல்தான் நாய்களுக்குப் பெரிய எமன். சாப்பாட்டை மோந்துட்டுத் திரும்பிப் போகுதா, ஈறு வெளுத்திருக்கா, மூக்குல ரத்தம் வருதா, அன்னிக்கே டாக்டர்கிட்ட போய் ரத்தப் பரிசோதனை பண்ணு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 1903ல தொடங்கின கல்லூரி அது. கூட்டம் இருக்கும், காலையிலயே போயிடு. வெறிநாய் ஊசியை வருஷா வருஷம் தவறவே கூடாது. மாநகராட்சி உரிமத்துக்கும் அந்தச் சான்றிதழ் வேணும். பல்லோ நகமோ பட்டுக் கீறினாக்கூட சோப்புப் போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அது நம்ம வீட்டு நாய்தானேன்னு நினைச்சுச் சும்மா இருக்காதே.

ஆபீஸ்ல உன் ஃப்ரெண்ட்ஸ் எங்களால வளர்க்க முடியாது, என்ன செய்யலாம்னு கேட்டாங்கன்னியே. பிறந்தநாளுக்கு ஒரு தடவை மூட்டையா கொண்டுபோய் இறக்கறதைவிட, மாசா மாசம் சின்னத் தொகை தவறாம போறது காப்பகத்துக்குப் பெரிய பலம். டாக்டர் சம்பளமும் மருந்தும் மாசா மாசம்தானே வருது! பணத்தை பாங்க் வழியா அனுப்பட்டும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா வரிவிலக்கு கிடைக்காது. பொருளா தரணும்னா போன் பண்ணிக் கேட்டுட்டுத் தரட்டும். அரிசி, குருணை, பழைய துண்டு, பேப்பர், சாக்கு எப்பவும் வேண்டியிருக்கும். கார் வச்சிருக்கிறவங்க அடிபட்ட நாயை ஏத்திட்டுப் போகலாம். ஆபரேஷன் முடிஞ்ச நாயைப் புண் ஆறற வரைக்கும் ரெண்டு வாரம் வீட்டுல வச்சுப் பார்த்துக்கலாம், அதுவே ஒரு கூண்டைக் காலி பண்ணும். நல்லா போட்டோ எடுக்கத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருந்தா அவளை முதல்ல அனுப்பு. கம்பிக்குப் பின்னாடி மங்கலா எடுத்த படத்தைப் பார்த்து யாரும் தத்தெடுக்க வரமாட்டாங்க. வெளியில கூட்டிட்டு வந்து, கண்ணுக்கு நேரா உட்கார்ந்து, காலை வெளிச்சத்துல எடுக்கட்டும். கறுப்பு நாய்க்கு இது ரொம்ப முக்கியம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் நாயைக் கூட்டிட்டு வராதே. வெடிச் சத்தத்துல மிரண்டு புது வீட்டுல இருந்து ஓடினா எங்கே திரும்பறதுன்னு அதுக்குத் தெரியாது.

எல்லாம் பண்ணியும் சரிவராம போகலாம். உன் பையனுக்கு ஒவ்வாமை வரலாம், உங்களுக்கு வேற ஊருக்கு மாற்றல் வரலாம், நாய்க்கே அந்த வீடு பிடிக்காம போகலாம். அப்போ வெட்கப்படாம காப்பகத்துக்கே போன் பண்ணு. திரும்ப எடுத்துக்குவீங்களான்னு கையெழுத்துப் போடற அன்னிக்கே கேட்டு வச்சுக்கோ. தத்தெடுத்த நாய் திரும்பத் தெருவுக்குப் போகாம பார்த்துக்கிறது எடுத்தவங்க பொறுப்புன்னு 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. சட்டத்தை விடு. ஒரு தடவை வீட்டுச் சோறு சாப்பிட்டு வாசல்ல படுத்துப் பழகின நாய்க்குத் தெருவுல எல்லை கிடையாது, மத்த நாய்ங்க குதறிடும். அதனால இடம் கிடைக்க ஒரு மாசம் ஆகும்னு அவங்க சொன்னா அந்த ஒரு மாசமும் அது உன்கிட்டயே இருக்கணும். உன்னால முடியலைன்னா என்னைக் கூப்பிடு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.