கட்சியில்லா முதன்மந்திரி

கொல்லிமலைக்கு மேற்கே, திருச்செங்கோட்டை அடுத்துள்ள குமாரமங்கலம் ஜமீன்தாராகிய டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாய் விளங்கினார். தமக்கெனக் கட்சி ஏதுமின்றி ஒருவர் நான்காண்டு ஆண்டது எங்ஙனம் என்பது சரித்திர மாணாக்கர் ஆராயத்தக்கதாம்.

1919-ஆம் வருஷச் சட்டம் நிறுவிய இரட்டையாட்சியில் கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் முதலியன மந்திரிகளுக்கும், போலீஸ், நிலவரி முதலியன கவர்னரின் நிர்வாக சபைக்கும் உரியன. பொக்கிஷச் சாவி மந்திரிகள் கையில் இல்லை. 1926 தேர்தலில், தேர்ந்தெடுக்கப்படும் 98 ஸ்தானங்களுள் சுயராஜ்யக் கட்சி 41-ம், ஜஸ்டிஸ் கட்சி 21-ம் பெற்றன. வென்றவர், இரட்டையாட்சியில் பதவியேற்பதில்லை என்னும் காங்கிரஸின் கொள்கைக்குக் கட்டுப்பட்டு மறுத்தனர். பானகல் அரசருக்கோ ஆள் போதவில்லை. எனவே கவர்னர் கோஷன், சுயேச்சையாளராகிய சுப்பராயனை அழைத்தார். ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் மந்திரிகளாயினர். நியமன அங்கத்தினரின் வாக்குகளே இம்மந்திரிசபைக்குத் தூண்.

1923-ல் பானகல் அரசர்மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரித்தவர் சுப்பராயன். 1927-ல் அவ்வாயுதமே அவர்மீது திரும்பிற்று. ஜென்மப் பகைவராகிய சுயராஜ்யக் கட்சியினரும் ஜஸ்டிஸ் கட்சியினரும் அதன்பொருட்டுக் கைகோத்தனர். ஆயினும் மந்திரிசபை பிழைத்தது.

மெய்யான சோதனை சைமன் கமிஷனால் நேர்ந்தது. இந்தியர் ஒருவரும் இல்லாத அக்குழுவைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்ற தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது. 1928-ல் சகமந்திரிகள் இருவரும் பதவி துறந்தனர், சுப்பராயன் நிலைத்தார். நேற்றுவரை எதிர்த்த பானகல் அரசரின் கட்சி இன்று அவர்க்குத் துணையாயிற்று! அக்கட்சியைச் சார்ந்த கிருஷ்ணன் நாயரைக் கவர்னர் சட்ட மெம்பராக்கியது இம்மாற்றத்துக்கு வழிகோலியது. முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புதிய மந்திரிகளாயினர்.

இதனைச் சந்தர்ப்பவாதம் எனப் பழிப்போர் உளர். அப்பழியை முற்றும் மறுத்தல் அரிது. விலகிய இருவரின் செய்கையே அன்றைய பொதுஜன உணர்ச்சிக்கு இசைந்தது. ஆனால் அந்த மாறிய கூட்டிலிருந்தே பெரியதொரு பயனும் விளைந்தது. ஜஸ்டிஸ் கட்சி பல ஆண்டு பேசிவந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம், அக்கட்சி பதவியில் இல்லாதபொழுது, முத்தையா முதலியார் கையால் அரசாங்க உத்தியோகங்களில் செயலுக்கு வந்தது. இன்றைய இடஒதுக்கீட்டின் வேர்களுள் ஒன்று அங்கே உளது. உறுதியான பெரும்பான்மையினர் செய்து முடியாததை ஊசலாடும் மந்திரிசபை செய்தது விந்தையே.

1930 தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி வெல்லவே, முனுசாமி நாயுடு முதன்மந்திரியானார். 1932-ல் சுப்பராயன் ஆலயப் பிரவேசத்தை ஆதரித்துச் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். பின்னர்க் காங்கிரஸில் சேர்ந்து, 1937-ல் ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபையில், முன்னாள் முதன்மந்திரி என்னும் தருக்கின்றிச் சாதாரண மந்திரியாய் அமர்ந்தார். 1939-ல், இந்தியரைக் கேளாமலே இந்தியா யுத்தத்தில் இழுக்கப்பட்டது குறித்து அம்மந்திரிசபை பதவி துறந்தபோது, இம்முறை அவரும் தோழருடன் வெளியேறினார்.